பழைய மெர்சிடிஸுக்கும் ஜிடி3-க்கும் ஒரே பாலிசி போதுமா?

வாசகர் கேள்வி: அப்பா வைத்திருந்த 1966 மெர்சிடிஸ் 230 எஸ்எல் இப்போது என்னிடம் இருக்கிறது. முழுசாகப் பிரித்துச் சீரமைத்தாகிவிட்டது. சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 911 ஜிடி3-யும் வாங்கினேன், 997 வரிசை. என் ஏஜென்ட் இரண்டையும் தினசரிக் காருக்கு இருக்கும் பாலிசி மாதிரியே எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொரு நிறுவனம் மெர்சிடிஸுக்கு அதைவிடக் குறைந்த பிரீமியம் கேட்கிறது, ஆனால் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாமாம். மூன்றாவது ஒருவர், நீங்கள் சொல்லும் மதிப்பை அப்படியே பாலிசியில் எழுதித் தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது? ஜிடி3-யை அவ்வப்போது வேலைக்கும் ஓட்டிப் போவேன், வருடத்தில் ஓரிரு தடவை டிராக்குக்கும் கொண்டு போக ஆசை. நண்பர் மகள் கல்யாணத்துக்கு மெர்சிடிஸைக் கேட்கிறார். வருடத்தில் நாலைந்து மாதம் இரண்டும் ஷெட்டில்தான் நிற்கும், அப்போது இன்சூரன்ஸை நிறுத்தி வைக்கலாமா?

பதில்:

நான் பல வருடம் சர்வேயராக இருந்தவன், அதாவது அடிபட்ட காரைப் போய்ப் பார்த்து இழப்பு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அதனால் பிரீமியத்தில் இருந்து பேச்சை ஆரம்பிக்க எனக்கு மனசு வராது. கார் மொத்தமாகப் போய்விட்ட அன்று உங்கள் கைக்கு எவ்வளவு வரும், அந்தத் தொகையை யார், எதை வைத்து முடிவு செய்வார்கள்? இதற்குப் பதில் பாலிசித் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தக் கேள்வியோடு பார்த்தால் உங்களிடம் வந்த மூவரும் மூன்று வேறு சரக்கை விற்கிறார்கள். மூன்றாமவரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காதுக்கு இனிப்பது அவர் பேச்சுதான், வில்லங்கமும் அங்கேதான் அதிகம். அவர் தருவது 'அறிவித்த மதிப்பு' பாலிசி. முதல் பக்கத்தில் நீங்கள் சொன்ன தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். நாலைந்து பக்கம் தள்ளி, இழப்பீடு என்ற தலைப்பின் கீழே, அறிவித்த மதிப்பு அல்லது இழப்பு நேர்ந்த நாளின் சந்தை மதிப்பு, இவற்றில் எது குறைவோ அது வழங்கப்படும் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். நீங்கள் பத்து என்று சொல்லி அந்தப் பத்துக்குப் பிரீமியம் கட்டியிருந்தாலும், அன்றைய சந்தையில் அது ஆறுதான் என்று அவர்கள் காட்டிவிட்டால் ஆறுதான் கிடைக்கும். நீங்கள் ஆறு என்று சொல்லி, அதற்குள் சந்தை பத்துக்கு ஏறியிருந்தால் அப்போதும் ஆறுதான். அந்த 'எது குறைவோ' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். இருந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் ஏஜென்ட் சொல்வது சாதாரண முழுக் காப்பீடு. வயதுக்குத் தகுந்த தேய்மானத்தைக் கழித்து, மிச்சம்தான் காரின் மதிப்பு என்று பார்க்கும் முறை. வருடா வருடம் விலை இறங்கும் காருக்கு இது நியாயமான கணக்கு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்கள் மெர்சிடிஸுக்கு அறுபது வயதாகப் போகிறது, அந்தக் கணக்கில் அது பழைய இரும்பு. சரி, தேய்மானம் வேண்டாம், இதே மாடல் மற்றவை என்ன விலைக்குப் போயின என்று பார்க்கலாமே என்றால் அதிலும் சிக்கல். உங்கள் காரின் அண்ணன் முறையில் ஒன்று இருக்கிறது, 1954-லிருந்து 1957 வரை வந்த 300 எஸ்எல் கூப்பே, கதவு மேல் பக்கமாகத் திறக்குமே அது. மொத்தம் 1,400 செய்தார்கள், அதில் 29 மட்டும் முழு அலுமினிய உடம்பு. பெயரும் வடிவமும் ஒன்றுதான், ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மாடலும் வருடமும் போட்டால் விலை சொல்லும் பட்டியலுக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் 230 எஸ்எல் அவ்வளவு அபூர்வம் இல்லை, 1963 முதல் 1967 வரை 19,831 வந்திருக்கின்றன, ஆனாலும் துருவை ஒட்டுப் போட்டு மறைத்து மேலே பெயின்ட் அடித்த ஒன்றும், எஞ்சின் நம்பர் ஏட்டோடு பொருந்துகிற, தரையெல்லாம் மாற்றிச் சீரமைத்த ஒன்றும் ஒரே விலை ஆகாது.

ஆக மெர்சிடிஸுக்கு இரண்டாவது நிறுவனம். அவர்கள் தருவது 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி என்றுதான் கடிதத்தில் இருந்து ஊகிக்கிறேன், ஆனால் ஊகத்தில் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். இந்த முறையில், பாலிசி எடுக்கும்போதே நீங்களும் அவர்களும் ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்கிறீர்கள். கார் முழு இழப்பு என்று முடிவானால் தேய்மானப் பேச்சே இல்லாமல் அந்தத் தொகை வரும், அதில் நீங்கள் ஏற்றுக்கொண்ட கழிவு, அதாவது இழப்பில் உங்கள் கையில் இருந்து போக வேண்டிய பங்கு, ஏதாவது இருந்தால் அது மட்டும் போகும். பிரீமியம் குறைவாக இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். கார் அதிகம் ஓடாது, பூட்டிய ஷெட்டில் நிற்கும், வேலைக்குப் போய்வர வீட்டில் வேறு கார் இருக்கிறது, வைத்திருப்பவர் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார் என்று எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் வரையறையே கிட்டத்தட்ட இதுதான்: குறைந்தது 30 வருடப் பழசு, வரலாற்றுக்குப் பொருந்தும்படி பராமரித்தது, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாதது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஆளுக்கொரு வயது வரம்பு வைத்திருந்தாலும் 'அன்றாடம் ஓட்டக் கூடாது' என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரல்.

ஆகவே கிலோமீட்டர் வரம்பைப் பார்த்து மிரள வேண்டாம், ஆனால் பொய்யும் சொல்ல வேண்டாம். வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று போன சில வருடத்து சர்வீஸ் பில்லில் உள்ள மீட்டர் அளவுகளை வைத்துக் கணக்குப் பாருங்கள், அதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு வரம்பைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் நீண்ட பயணம் ஒன்று வந்தால் முன்கூட்டியே சொல்லி வரம்பை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

இப்போது இந்தக் காருக்கே உரிய ஒரு விஷயம். 230 எஸ்எல்லின் ஹார்ட் டாப், நடுவில் குழிந்து ஓரம் உயர்ந்த அந்தக் கூரை, அதனால்தான் இந்தக் காருக்கே பகோடா என்று பெயர் வந்தது. அதைக் கழற்றிச் சுவரிலோ தனி ஸ்டாண்டிலோ மாட்டி வைப்பதுதான் வழக்கம். கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் ஷெட்டில் தீப்பிடித்தால், அல்லது கார் வெளியே போயிருக்கும்போது அந்தக் கூரையை மட்டும் யாராவது தூக்கிக்கொண்டு போனால், அது காரின் பகுதியா, வீட்டுச் சாமானா? காரோடு பொருத்தியிருப்பதற்கு மட்டும்தான் பொறுப்பு என்று எழுதிய பாலிசிகள் உண்டு, வீட்டு இன்சூரன்ஸ்காரர் வாகன உதிரி எங்கள் கணக்கில் வராது என்பார். நடுவில் நீங்கள் நிற்பீர்கள். கழற்றி வைத்த கூரைக்கும், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பழைய கண்ணாடி, விளக்கு, குரோம் பட்டை வகையறாவுக்கும் உதிரி பாகக் கவர் தனியாக இருக்கிறதா, எவ்வளவு தொகை வரை என்று கேளுங்கள். கூடவே ஒரு வேலை. ஆலையில் இருந்து வந்த ஹார்ட் டாப்பில் காரின் பாடி நம்பர் குத்தியிருக்கும். அதைத் தேடிப் பிடித்து, காரில் உள்ள அதே நம்பரோடு, இரண்டும் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். நம்பர் பொருந்தும் கூரையும் பொருந்தாத கூரையும் விலையில் ஒன்றில்லை. களவு போன பிறகு இதைச் சொல்லி நிரூபிக்க முடியாது.

மதிப்பை எப்படி முடிவு செய்வது? சீரமைப்புக்குச் செலவழித்த பில்லையெல்லாம் கூட்டி அதுதான் மதிப்பு என்று போய் உட்காராதீர்கள், செலவு வேறு மதிப்பு வேறு. இந்த வகைக் கார்களைப் பார்த்துப் பழகிய சுயேச்சையான மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், காரை விற்கிற ஆளிடமோ சீரமைத்த ஒர்க்ஷாப்பிலோ வாங்காதீர்கள். ஏல விலைகளை ஒப்பிட்டால், அறிவிக்கும் தொகையில் பெரும்பாலும் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மதிப்பைக் கூட்டிச் சொல்லலாமே என்ற சபலம் எல்லோருக்கும் வரும். வேண்டாம். தேவையில்லாத பிரீமியம் ஒரு பக்கம், கிளெய்ம் வந்தால் ஏன் இவ்வளவு ஏற்றினார் என்ற கேள்வி இன்னொரு பக்கம். அதே சமயம் ஒத்துக்கொண்ட தொகை தானாக ஏறாது, புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு தடவை பார்த்து மாற்றுங்கள்.

முழு இழப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், நடைமுறையில் அதிகம் வருவது பாதி அடி. அங்கே முக்கியம், எங்கே சரி செய்வது, எந்தப் பாகம் போடுவது என்பதை யார் தீர்மானிப்பது என்பதுதான். பகோடாவின் பானெட், கதவுகள், பின் மூடி எல்லாம் அலுமினியம், மிச்ச உடம்பு இரும்பு. இரும்பில் டிங்கரிங் செய்து பழகிய கை அலுமினியத்தில் வேலை செய்தால் உலோகம் இழுபட்டு, சூட்டில் வளைந்து, பிறகு தடவித் தடவிப் பட்டி போட்டு மறைப்பார்கள். ஆக நீங்கள் விரும்பும் ஒர்க்ஷாப், அசல் பாகம், அது கிடைக்காவிட்டால் செய்து போடும் செலவு, இந்த மூன்றும் பாலிசியில் இருக்க வேண்டும். இன்னொன்று, கார் முழு இழப்பு என்று முடிவானால் மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அப்பாவின் கார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். சில பாலிசியில் மிச்சத்தின் விலையைக் கழித்துக்கொண்டு தருவார்கள், சிலவற்றில் கழிக்காமலே தருவார்கள், சிலவற்றில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மதிப்பு எவ்வளவு என்பது பழுது பார்க்கும் முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. நடிகர் ரோவன் அட்கின்சன் 2011-இல் இங்கிலாந்தில் தன் மெக்லாரன் எஃப்1 காரை மரத்தில் மோதினார். மொத்தமே 106 செய்யப்பட்ட கார் அது. பழுது பார்க்க சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு ஆனது, இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்தது. வேறு எந்தக் காராக இருந்தாலும் அந்தத் தொகையைப் பார்த்ததும் முழு இழப்பு என்று மூடியிருப்பார்கள். காரின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு என்பதால் சரி செய்வதே லாபம். 2015-இல் அவர் அதைச் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றதாகச் செய்தி வந்தது. அதே காருக்குத் தேய்மானக் கணக்கில் ஒரு பாலிசி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜிடி3-க்கு வருவோம். இதை மெர்சிடிஸுக்கு எடுக்கும் அதே சேகரிப்பாளர் பாலிசியில், அதாவது கிலோமீட்டர் வரம்போடு இரண்டாவது நிறுவனம் தரும் அந்தப் பாலிசியில், சேர்க்காதீர்கள். வேலைக்கு ஓட்டிப் போவேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது ஒன்றே போதும், ஆபீஸ் பார்க்கிங்கில் அடிபட்டால் கிளெய்மை மறுக்க. இதற்கு வேண்டியது கிலோமீட்டர் கட்டுப்பாடு இல்லாத, ஆனால் ஒப்புக்கொண்ட மதிப்பு தருகிற பாலிசி. விலை உயர்ந்த கார்களுக்கென்றே தருகிறவர்கள் இருக்கிறார்கள், பிரீமியம் கூடத்தான் செய்யும், வேறு வழியில்லை. உங்கள் ஏஜென்ட் சாதாரணப் பாலிசியிலேயே மதிப்பை ஒப்புக்கொண்ட தொகையாக மாற்றும் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் திருத்தத் தாள்) வாங்கித் தர முடிந்தால் அதுவும் சரிதான், வாய்ப்பேச்சில் இல்லாமல் தாளில்.

டிராக் விஷயம். ரேஸ், நேரம் கணக்கிடும் ஓட்டம், வேகப் போட்டி இதெல்லாம் ஏறக்குறைய எல்லாப் பாலிசியிலும் விலக்கு. பயிற்சியாளரை வைத்து ஓட்டும் டிராக் டே மட்டும் முன்பு சில இடங்களில் தப்பித்தது, இப்போது அதையும் 'வேக ஓட்டத்துக்காக அமைத்த எந்த இடத்திலும்' என்று எழுதி அடைத்துவிடுகிறார்கள். போட்டி இல்லையே, சும்மா ஓட்டினேன் என்ற வாதம் அந்த வாசகத்துக்கு முன்னால் நிற்காது. டிராக்குக்குப் போகும் நாளுக்கு மட்டும் தனியாக எடுக்கும் ஒருநாள் கவர் கிடைக்கும், அதை எடுங்கள், ஆனால் அது பெரும்பாலும் உங்கள் காருக்கு மட்டும்தான், நீங்கள் இடித்த தடுப்புச் சுவருக்கோ அடுத்தவர் காருக்கோ வராது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த எஞ்சினைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும், ஒருவேளை தெரிந்தே வாங்கியிருப்பீர்கள். 997 ஜிடி3-யில் இருப்பது மெட்ஸ்கர் என்ற போர்ஷே பொறியாளரின் பெயரால் அழைக்கும் எஞ்சின், அதில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய் இணைப்புகள் பசை வைத்துப் பொருத்தியவை. வயதாகி, சூடேறி ஆறி, பிடிமானம் விட்டு அவை கழன்று வருவது இந்தக் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பேசும் தொல்லை. கழன்றால் கூலன்ட் கொட்டுவது பின் டயர் பக்கம், வேகத்தில் இருந்தால் கார் சுற்றிக்கொண்டு போகும். இதில் இன்சூரன்ஸ் எங்கே வரும்? கழன்ற குழாயைச் சரி செய்யும் செலவு உங்களுடையது, தேய்மானமும் இயந்திரக் கோளாறும் எந்த வாகனப் பாலிசியிலும் வழக்கமாகக் கிடையாது. சாலையில் அதனால் சுற்றி மோதியிருந்தால் மோதல் சேதம் பெரும்பாலும் வரும். ஆனால் என்னைப் போன்ற ஒரு சர்வேயர், தெரிந்த கோளாறாயிற்றே, பராமரிப்பு ஏதாவது செய்தீர்களா என்று கேட்பார். இணைப்புகளை வெல்டிங் செய்தோ சிறு ஊசி (பின்) அடித்தோ இறுக்கிய பில் இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அதே மாதிரி, மேல் கியருக்குப் பதில் கீழ் கியரில் போட்டு எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்று உடைந்தால் அது விபத்து என்று கிளெய்ம் செய்ய முடியாது. எந்த அளவு மிகைச் சுழற்சி, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்று காரின் கன்ட்ரோல் யூனிட்டே பதிந்து வைத்திருக்கும்.

முந்தைய ஓனர் மாற்றியதெல்லாம் என்னென்ன என்று பட்டியல் போட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்: சைலன்சர், சஸ்பென்ஷன், சீட், ரோல் கேஜ் (கார் உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் கம்பிக் கூடு). சொல்லாத மாற்றத்துக்குப் பணம் கிடைக்காது என்பதோடு, மொத்தக் கிளெய்மையே இழுத்தடிக்க அது ஒரு கொக்கி. கார் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் கருவி கட்டாயம் என்று நிபந்தனை இருந்தால் கருவியை மாட்டினால் மட்டும் போதாது, அதன் வருடச் சந்தாவும் உயிரோடு இருக்க வேண்டும். கார் களவு போன பிறகுதான் சந்தா போன மாதமே முடிந்தது என்று தெரிய வரும் கேஸ்கள் இந்தத் தொழிலில் சகஜம்.

இரண்டு காருக்கும் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத காரில் டயர் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் உள்ளே கல்லாகியிருக்கும். விபத்து நடந்த இடத்தில் நாங்கள் போட்டோ எடுக்கும் முதல் சில விஷயங்களில் அந்த நாலு இலக்கமும் ஒன்று.

கல்யாணத்துக்கு நண்பர் கேட்பது: காசு வாங்கினால் அது வாடகைத் தொழில், பாலிசியில் வராது, பெட்ரோலுக்கு என்று கொஞ்சம் கொடுத்தார் என்பதும் அந்தப் பக்கம்தான் இழுக்கப்படும். காசு வாங்காமல், நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள். அவர் பையன் ஓட்டுவான் என்றால் மறுத்துவிடுங்கள். சேகரிப்பாளர் பாலிசிகளில் ஓட்டுபவரின் வயது, அனுபவம், பெயர் பதிவு என்று தனி நிபந்தனைகள் இருக்கும், நட்பு கெடாமல் இருக்க என்னைக் காரணம் காட்டினாலும் எனக்குச் சம்மதமே.

காரின் மதிப்பிலேயே கவனம் போய், மூன்றாம் நபர் பொறுப்புத் தொகையைக் குறைந்தபட்சத்தில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. காருக்கு நேரும் இழப்புக்குக் காரின் விலை ஓர் எல்லை, அடுத்தவர் உயிருக்கும் உடம்புக்கும் நேருவதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. எடுக்க முடிகிற உச்ச வரம்பை எடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஷெட்டில் நிற்கும் மாதங்கள். முழுசாக நிறுத்தாதீர்கள். ஓட்டாத காருக்கும் தீ, திருட்டு, வெள்ளம், கூரை இடிவது எல்லாம் வரும். பழைய காரில் பெட்ரோல் ஹோஸ் வெடித்துக் கசிவதே தீக்குப் போதும். (ஷெட்டில் உலர் பவுடர் தீயணைப்பான் வைத்திருந்தால் மாற்றுங்கள், அந்தப் பவுடர் உலோகத்தை அரிக்கும், தீயில் தப்பித்த காரை அதுவே கெடுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது.) இதற்கென்றே, ஓட்டும் கவரை மட்டும் எடுத்துவிட்டு நிற்கும் காருக்கான ஆபத்துகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது, பிரீமியம் நன்றாகக் குறையும். இரண்டு காரும் ஒரே ஷெட்டில் நிற்பதால், ஒரே இடத்தில் நேரும் இழப்புக்கு மொத்த வரம்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், எலி வயரைக் கடிப்பது வருமா என்றும் கேளுங்கள், பல பாலிசியில் வராது. பதிவு செய்த காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு எப்போதும் நடப்பில் இருக்க வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சட்டம் சொன்னால் அந்தப் பகுதியை மட்டும் தொடாதீர்கள். அப்புறம், அந்த மாதங்களில் டயருக்குக் காற்றடிக்கத் தெருமுனை வரை என்றுகூடக் காரை வெளியே எடுக்காதீர்கள். எடுப்பதாக இருந்தால் ஓட்டும் கவர் மறுபடி அமலுக்கு வந்துவிட்டது என்ற மின்னஞ்சலை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.